சிவப்புக் கல்லைத் தொடாத கள்ளன்

"ஆத்துக்குள்ள கிடந்த கல்லுகளை ஆரோ களவெடுத்திட்டாங்கள் அக்கா."

அந்தப் பிள்ளை இதைச் சொன்னபோது நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். அரைவாசி மூக்கால் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாடு களவு போகும், சைக்கிள் களவு போகும், வயல் நடுவில் பூட்டி வைத்த தண்ணீர்ப் பம்பு கூடக் களவு போகும். ஆற்றில் கிடந்த கல்லைக் காணவில்லை என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

"வானத்தில நட்சத்திரம் எல்லாம் சரியா இருக்கோ தங்கச்சி? அதையும் ஒருக்கா பாத்திட்டு மொத்தமா முறைப்பாட்டைத் தாங்கோவன்" என்றேன்.

ஸுல்பா அக்கா என்மீது ஒரு கச்சான் கடலைக் கோதை எறிந்தார். வாயை மூடு என்பதற்கு அவர் பாவிக்கும் சொல் அதுதான்.

ஸுல்பா அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரூற்று என்கிற ஊரில் அவருக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. முன்பக்கத்தில் அடையாள அட்டைப் பிரதி, திருமண அழைப்பு, தொலைபேசி ரீலோட். திரைச்சீலைக்குப் பின்னால் மூன்று கதிரை, ஒரு காற்றாடி, ஒரு சுருள் கச்சான். அதுதான் எங்கள் துப்பறியும் நிலையம். முன்பு வாகனக் காப்புறுதி ஒன்றில் விபத்து விசாரணை செய்தவர். ஒரு போலி விபத்தை நோண்டிக்கொண்டு போய்க் கடைசியில் தன் மேலாளரின் வீட்டுக் கராஜில் போய் நின்றார். அன்றோடு வேலை போய்விட்டது. நான் லக்ஷன். ஓட்டோ என்னுடையது. அவருக்கு மூளை, எனக்கு வாகனமும் வாயும் என்று பிரித்துக்கொண்டோம்.

"அழாமல் முதலில இருந்து சொல்லுங்கோ பிள்ளை" என்றார் அக்கா.

அவள் பெயர் யதுர்ஷிகா. புதுக்குடியிருப்புப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் மேற்படிப்பு. மனிதர்கள் ஆற்றுக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையோடு ஓர் அறை எடுத்து மாதக்கணக்காக அங்கும் பல்கலைக்கழகத்துக்குமாக அலைகிறாள்.

"மாரிக்கு முன்னம் கூழாங்கல்லுகளுக்கு நிறம் பூசி, ஒவ்வொண்டிலையும் இலக்கம் செதுக்கி ஆத்துக்குள்ள வைச்சனான் அக்கா. சிவப்பு, மஞ்சள், நீலம். வெள்ளம் வத்தினாப்பிறகு எந்தக் கல்லு எவ்வளவு தூரம் உருண்டு போயிருக்கெண்டு அளக்கோணும். அதை வைச்சுத்தான் ஆறு எவ்வளவு மண்ணைக் கொண்டு போகுதெண்டு கணக்குப் பாக்கலாம்."

"அளந்தீங்களோ?"

"சிவப்பில ஒண்டைத் தவிர எல்லாம் கிடக்கு. மஞ்சளும் நீலமும் ஒண்டு கூட இல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கௌசலா மிஸ்ஸுக்குச் சொன்னனான். என்ர பேராசிரியர். வெள்ளத்துக்கு நிறம் தெரியாது யதுர்ஷிகா எண்டவா. சிவப்பை விட்டிட்டு மற்றதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போற ஆறு உலகத்தில இல்லையாம். நீ உண்மையில மூண்டு நிறமும் வைச்சனீயோ எண்டு கேட்டவா அக்கா. நாளைக்குக் காலமை நேரில வாறா. கல்லைக் காட்டாட்டி நான் பொய்க்கணக்கு எழுதினதெண்டு தான் முடியும். படிப்பு அதோட சரி."

அந்த நேரம் பார்த்து அவளுடைய தொலைபேசி அடித்தது. பார்த்துவிட்டு அடக்கினாள்.

"அப்பா. படிப்பு முடிஞ்சுதோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறார். வீட்டு வேலை முடியப் போகுதாம். என்ர வேலை தான் முடியிற மாதிரி இல்லை."

"ஆரில சந்தேகம்?" என்று கேட்டார் அக்கா.

"அஜந்தனில. என்னோட படிக்கிற கொழும்புப் பொடியன். நிலத்தடித் தண்ணி தான் அவன்ர பாடம். அவனும் அங்க தான் அறை எடுத்திருக்கிறான். அவனுக்கு என்னில எரிச்சல். கல்லு வைச்ச இடங்கள் அவனுக்கு மட்டும் தான் தெரியும்."

அக்கா கச்சான் சுருளை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஓட்டோவை எடு என்பதற்கு அவர் பாவிக்கும் சொல் அது.

* * *

ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளத்தில் திரும்பி, ஏ9 வீதியால் கனகராயன்குளம் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அஜந்தனின் அறை ஒரு கடையின் மாடியில் இருந்தது. பொடியன் இடுப்பில் சாரத்தோடு நின்று முட்டைப் பொரியல் செய்துகொண்டிருந்தான். மேசையில் கடதாசிக் கட்டு, அது காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல். சிவப்புக் கல்.

யதுர்ஷிகா அதைக் கண்டதும் பாய்ந்தாள். "பாத்தீங்களோ அக்கா? கள்ளன். என்ர கல்லு."

அஜந்தன் அகப்பையோடு அப்படியே நின்றான். "ஆத்தில நிறையக் கிடந்துது யது. ஒண்டை எடுத்தா என்ன? வடிவா இருந்துது."

"வடிவோ? அது தரவு."

"எப்பிடி எடுத்தீங்கள் தம்பி?" என்று ஸுல்பா அக்கா இடையில் கேட்டார்.

"எப்பிடி எண்டால்? குனிஞ்சு எடுத்தனான்."

"எடுக்கேக்கை பயமா இருக்கேல்லையோ?"

"கல்லுக்கு ஏன் அக்கா பயப்பிட?"

அக்காவின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. எனக்கு அது தெரியும். காப்புறுதி மேலாளரின் கராஜ் கதவு திறந்தபோதும் இந்த முகம்தான் இருந்ததாம். "இந்தப் பொடியன் கள்ளனில்லை" என்றார். "கல்லை நாளை வரைக்கும் நான் கொண்டு போறன். முட்டை கருகுது, பாருங்கோ."

படியிறங்கும்போது யதுர்ஷிகா கொதித்துக்கொண்டு வந்தாள். "களவெடுத்த கல்லு மேசையில கிடக்கு. அவன் கள்ளனில்லையாமோ?"

"மேசையில கிடந்தது சிவப்பு பிள்ளை. அது தான் அவருக்குச் சாட்சி. ஆத்துக்கு வாங்கோ, விளங்கும்."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை வெளியில் காட்டினால் உதவியாளன் வேலைக்கு மரியாதை இல்லை. அதனால் தலையை ஆட்டிக்கொண்டு போனேன்.

* * *

ஆறு வற்றிக் கிடந்தது. வற்றியது என்றும் சொல்ல முடியாது. ஓர் ஓரமாக நூல் மாதிரித் தண்ணீர், மற்றதெல்லாம் குழி. மண்வெட்டியால் கிண்டிக் கிண்டி, டிப்பர் லொறி இறங்கின தடமும் ஏறின தடமும் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. கரையில் நின்ற மருத மரங்களின் வேர் வெளியில் தொங்கியது.

"இதுகும் மனுசர் ஆத்துக்குச் செய்யிறது தானே?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணா. இதைத்தான் அளக்க வெளிக்கிட்டனான்" என்றாள் அவள். "நான் பல்கலைக்கழக வளாகத்தில நிண்ட கிழமையளில வந்து கிண்டியிருக்கிறாங்கள். மண் அள்ளினால் ஆறு ஆழமாகும், கரை இடியும், கிணறுகள் வத்தும். ஆனால் கணக்கில்லாமல் சொன்னால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

குழிகளுக்கு நடுவில் அங்கங்கே மணல் திட்டுகள் மட்டும் தொடாமல் நின்றன. மற்றக் கறிகள் எல்லாம் தீர்ந்து, பாவற்காய் மட்டும் மிஞ்சின சோற்றுக் கோப்பை மாதிரி. ஒவ்வொரு திட்டின் நடுவிலும் ஒரு சிவப்புக் கல் கிடந்தது.

அக்கா ஒரு திட்டுக்குக் கிட்டே போய் நின்றார். "லக்ஷன், அந்தக் கல்லை எடுத்துத் தா."

நான் போனேன். இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி வரவில்லை. எனக்குத் தெரியும் அது கூழாங்கல் என்று. பூசினவள் பக்கத்தில் நிற்கிறாள். ஆனால் காலுக்கு அது தெரியவில்லை.

"நாரி பிடிச்சிருக்கு அக்கா. குனிய ஏலாது" என்றேன்.

"காலமை ஓட்டோவுக்குக் கீழ படுத்து ஒயில் மாத்தேக்கை நாரி பிடிக்கேல்லையோ?"

போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பொடியன். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எங்கள் வளவைச் சுற்றிச் சிவப்புத் தடி நட்டிருந்தார்கள். சிவப்பு அடித்த கல்லைக் கண்டால் நில், தொடாதே, வந்த அடியில் திரும்பு. வாய்ப்பாட்டுக்கு முன்னர் அதைத்தான் பாடமாக்கினோம். என்னோடு மாங்காய்க்குப் போன ஒருத்தன் ஒரு நாள் திரும்பவில்லை. எனக்கு அந்த நிறம் இப்பவும் பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயம்தான்.

ஸுல்பா அக்கா குனிந்து கல்லை எடுத்தார். "இஞ்ச இருந்து முஸ்லிம் ஆக்களை வெளியேத்தினாப்பிறகு நான் புத்தளத்தில வளந்தனான். எங்கட ஆக்கள் திரும்பி வரேக்கை எனக்கு வயது போயிட்டுது. அதால எனக்கு இது கல்லு. கொழும்பில வளந்த அஜந்தனுக்கும் கல்லு. உனக்கு?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பிள்ளை, நீங்களும் இந்த ஊர் தானே? சிவப்பு ஏன் பூசினீங்கள்?"

"கலங்கல் தண்ணியில சிவப்புத் தான் தெரியுமெண்டு மிஸ் சொன்னவா" என்றாள் யதுர்ஷிகா மெதுவாக. "பூசேக்கை எனக்கும் கை கூசினது."

"உங்களுக்குக் கூசினது அவங்களுக்கும் கூசியிருக்கு. கல்லைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. மண்ணுக்கு வந்திருக்கிறாங்கள். மஞ்சளும் நீலமும் மண்ணோட சேந்து டிப்பரில ஏறிப் போயிருக்கு. சிவப்பைக் கண்ட இடத்தில மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போயிருக்கிறாங்கள். எங்கட கள்ளன் கண்ணிவெடிக்குள்ள வளந்த வன்னியான். அது தான் அவன் விட்ட கைரேகை."

யதுர்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திட்டுகளுக்கு நடுவில் கிடந்த குழிகளைக் காட்டினாள். "மணல் எங்க போச்சுதெண்டு கண்டு பிடிச்சால் கல்லு கிடைக்குமோ அக்கா?"

"மேசன் பூச்சு வேலைக்கு மணலை அரிப்பான். அரிச்சு மிஞ்சின கல்லை எறிவான். கிடைக்கும். ஆனால் எந்த வீடு?"

கள்ளனைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. ஆற்றுக்கு இறங்கும் பாதையில் முதலாவது மின்கம்பத்தில் அவனே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: 'மணல், கல், கிறவல். செல்வராசா.' கீழே தொலைபேசி இலக்கம்.

"இவ்வளவு நேர்மையான கள்ளனை நான் காணேல்லை" என்றேன்.

அக்கா அங்கேயே நின்று இலக்கத்தை அழுத்தி, நாங்களும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"செல்வராசா அண்ணையோ? நீங்கள் டிப்பரில கொண்டு வந்து பறிச்ச மணல் சரியில்லை. முழுக்க நீலக் கல்லும் மஞ்சள் கல்லும். மேசன் வேலையை விட்டிட்டுப் போயிட்டான்."

"ஆர் கதைக்கிறது?"

"காசைத் தரேக்கை ஆரெண்டு கேட்டனீங்களோ?"

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்த நிறக் கல்லு வந்த மணலை நான் உங்களுக்குப் பறிக்கேல்லை. அது முழுக்கப் புதுக்குடியிருப்பில ஒரே வீட்டுக்குத்தான் போனது. சந்தைக்குப் பின்னால, பச்சைக் கேற் போட்ட புது வீடு. வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ."

"சிவப்புக் கல்லும் வந்ததெண்டு மேசன் சொன்னவன்."

"விசரோ அக்கா அவனுக்கு? சிவப்புக் கிடந்த பக்கம் என்ர பொடியள் கால் கூட வைக்கேல்லை."

அக்கா நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். தன்னில் பிழையில்லை என்று நிறுவப் போய் முழுவதையும் கக்கிவிட்டான் பாவி. நான் கைதட்டினேன்.

* * *

புதுக்குடியிருப்புக்குப் போகும் வழி முழுக்க யதுர்ஷிகா உற்சாகமாகத்தான் வந்தாள். "சந்தைக்குப் பின்னால இப்ப ஒரே புது வீடுகள். எங்கட காணியும் அங்க தான் கிடக்கு. மாரிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை. ஆராயிருக்கும் அக்கா? அனுமதியில்லாத மணல் வாங்கிறவைக்கு ஆத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்த ஆளின்ர பேரை ஆய்விலையே போடோணும்."

"படத்தையும் போடுங்கோ" என்றேன் நான்.

சந்தையைச் சுற்றி ஒழுங்கைக்குள் ஓட்டோவைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முன்னுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கேற் ஒன்று வந்தது. நிறுத்தினேன்.

முற்றத்தில் ஓர் அம்மா பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். செவ்வரத்தை, ரோசா. பாத்தியைச் சுற்றி வரிசையாக, பல் வைத்த மாதிரிக் கல்லுகள். நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள்.

"அம்மா" என்றாள் யதுர்ஷிகா.

எனக்கு ஓட்டோவுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஐயோ பிள்ளை, ஆர் உனக்குச் சொன்னது?" கமலாசனி அம்மா வாளியைக் கீழே போட்டார். "வீடு குடிபூரலுக்கு முன்னம் நீ பாக்கக் கூடாதெண்டு அப்பா எவ்வளவு கவனமா இருந்தவர். உன்ர சீதன வீட்டை நீயே களவாப் பாக்க வந்தனீயோ?"

"இந்தக் கல்லு, அம்மா?"

"வடிவோ? மேசன் எறிஞ்சு கிடந்துது. என்ன வடிவான நிறமெண்டு நான் தான் பொறுக்கி வைச்சனான். ஒண்டொண்டிலையும் இலக்கம் கூடக் கிடக்கு, பாரன்."

உள்ளேயிருந்து நல்லதம்பி ஐயா வந்தார். பூச்சுத் தூள் தலையெல்லாம். மகளைக் கண்டதும் சிரித்தார், மகளின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"மணல் எங்க வாங்கினனீங்கள் அப்பா?"

"அனுமதி மணல் வர மாதக் கணக்காகும் பிள்ளை. உன்ர படிப்பு முடியிறதுக்குள்ள வீட்டை முடிக்கோணுமெண்டு..."

"நான் படிக்கிற ஆத்தை அள்ளித்தான் முடிச்சிருக்கிறியள்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. பையைத் திறந்து அளக்கிற கருவியை எடுத்துப் பாத்திக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். ஒவ்வொரு கல்லாக இலக்கத்தை வாசித்தாள். ஐயா கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவளைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

* * *

அடுத்த நாள் காலை கௌசலா மிஸ் வந்தார். ஆற்றில் சிவப்புக் கல்லை முதலில் பார்த்துவிட்டு நேரே புதுக்குடியிருப்புக்கு. பாத்தியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். ஒரு நீலக் கல்லைத் தூக்கி இலக்கத்தைப் பார்த்தார்.

"கல்லு உன்ரது தான். ஆனால் யதுர்ஷிகா, இது உன்ர சொந்த வீடு. நீயே ஆத்தில இருந்து பொறுக்கிக் கொண்டு வந்து இஞ்ச அடுக்கினதெண்டு நாளைக்கு ஒருத்தர் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

யதுர்ஷிகா ஐயாவைப் பார்த்தாள். ஸுல்பா அக்கா மட்டும் வாசல் படியில் குந்தியிருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.

"மேசன் பூச்சுக்குத் தான் மணலை அரிக்கிறவன்" என்றார் அக்கா. "கொங்கிறீற்றுக்கு அரிக்கிறதில்லை. மிஸ், நான் இருக்கிற இந்தப் படியை ஒருக்கா பாருங்கோ."

எழுந்து தள்ளி நின்றார். படியின் ஓரத்தில், சீமெந்துக்குள் இறுகிப் போய், ஒரு மஞ்சள் முதுகு தெரிந்தது. இலக்கமும் தெரிந்தது. அதை நேற்றுக் கொண்டு வந்து ஒருத்தரும் வைத்திருக்க முடியாது.

கௌசலா மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அதற்குள் நல்லதம்பி ஐயா உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார்.

"மிஸ், அந்த மண்ணை வாங்கினது நான். என்ர மேள் பொய் சொல்ல மாட்டா. எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்." சுத்தியலால் படியைக் காட்டினார். "கல்லு வேணுமெண்டால் படியை இப்பவே உடைச்சுத் தாறன். வீட்டையும் உடைக்கச் சொன்னால் உடைக்கிறன்."

சுத்தியல் மேலே போனது.

"உடைக்கக் கூடாது" என்று கௌசலா மிஸ் குறுக்கே பாய்ந்தார். "கிடந்த இடத்தில தான் அதுக்குப் பெறுமதி ஐயா. சிவப்புக் கல்லை வெள்ளம் எவ்வளவு தூரம் கொண்டு போனது, யதுர்ஷிகா?"

"ஒரு மைதான நீளம், மிஸ்."

"இந்தக் கல்லு?"

"ஐம்பது கிலோமீற்றருக்கு மேல. என்ர வீட்டு வாசலுக்கு." இப்போதுதான் அவள் அழுதாள்.

"அப்ப இந்த ஆத்தில மண் காவுறது தண்ணியில்லை, டிப்பர். எழுது. படியையும் படம் எடுத்துப் போடு. உன்னை நம்பாமல் கதைச்சது என்ர பிழை." மிஸ் அவளுடைய தோளில் கை வைத்தார். ஐயா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். மகள் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

அந்த நேரம் ஒழுங்கையில் ஹோர்ன் கேட்டது. செல்வராசாவின் டிப்பர், மணல் வழிய வழிய, பின்பக்கமாகக் கேற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மதிலுக்கெண்டு கடைசி லோட் ஒண்டு சொல்லி வைச்சனான்" என்றார் ஐயா தலையைக் குனிந்தபடி. "வேண்டாமெண்டு காலமை போன் அடிச்சனான். எடுக்கேல்லை."

கமலாசனி அம்மா கையை ஆட்டினார். சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை, வண்டி வந்துகொண்டே இருந்தது. ஸுல்பா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் ஓட்டோவைப் பார்த்தார். பின் ஆசனத்தில் அஜந்தனின் மேசைக் கல் கிடந்தது.

நான் போய் அதைத் தூக்கினேன். யோசித்தால் கால் நின்றுவிடும் என்று யோசிக்காமல் நடந்து, கேற்றின் நடுவில் வைத்துவிட்டு விலகினேன்.

சாரதி கண்ணாடியில் பார்த்தான். பிறேக் கிறீச்சிட்டது. தலையை வெளியே நீட்டி இன்னொரு தரம் பார்த்தான். வந்த தடத்திலேயே, அங்குலம் பிசகாமல், ஒழுங்கை முடியும் வரைக்கும் போனான். எங்கள் பாடத்தை அவனும் நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

"அண்ணா, அதைக் கெதியா எடுங்கோ" என்றாள் யதுர்ஷிகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பள்ளிக்கூடம் போற பிள்ளையள் கண்டால் பயந்திடுங்கள்."

போய் எடுத்தேன். இந்த முறை நாரி பிடிக்கவில்லை.